ஆக்லாந்தில் மலையடிவாரத்தில் வீடு எடுத்த தம்பிக்கு

தம்பி, மவுண்ட் ராஸ்கில்லில் வாடகைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் "நம்ம வீட்டுக்குப் பின்னாடி இருக்கிறது எரிமலையாம்" என்றாள், அன்றிலிருந்து மனைவிக்குத் தூக்கமில்லை, வேறு வீடு பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மகள் சொன்னது உண்மை. ஆனால் அதற்காக வீடு மாற வேண்டாம்.

ஆக்லாந்தே எரிமலைகள் மேல் கட்டிய ஊர். சுமார் 360 சதுர கிலோமீட்டருக்குள் 50-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. நாங்கள் வந்த புதிதில் ஈடன் மலைப் பக்கம் குடியிருந்தோம். எலுமிச்சைக் கன்று வைக்கக் குழி தோண்டினேன். கடப்பாரை ஒரு முழம்கூட இறங்கவில்லை. வந்ததெல்லாம் கருஞ்சிவப்புக் கல், தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாக, கையில் எடுத்தால் கனமே இல்லை. "ஸ்கோரியா, அந்த மலை கக்கியது" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அதுவரைக்கும் எனக்கு அது ஊர் பார்க்க ஏறும் மேடு, அவ்வளவுதான். உச்சியில் 50 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் இருக்கிறது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அதைத் தங்கள் தெய்வமான மதாஹோவின் கிண்ணம் என்பார்கள். அவர்களுக்குப் புனிதமான இடம், யாரும் உள்ளே இறங்கக் கூடாது.

ஈடன் மலை வெடித்தது சுமார் 28,000 ஆண்டுகளுக்கு முன்னால். இந்த ஊர் எரிமலைகள் பெரும்பாலும் ஒரு தடவை வெடித்து அதோடு ஓய்ந்துவிடும். அடுத்தது வேறு எங்காவது புதிதாகக் கிளம்பும். அது கடலுக்குள்ளும் இருக்கலாம், யாருடைய வீட்டுத் தோட்டத்திலும் இருக்கலாம். ஆகவே மலையை விட்டுத் தள்ளிப் போனால் ஆபத்து குறையும் என்று எண்ணாதீர்கள். தட்டையான தெருவில் இருப்பவர்கள் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று இருப்பதுதான் எனக்கு அதிகக் கவலை.

கடைசியாக வெடித்தது ரங்கிடோட்டோ தீவு, சுமார் 600 ஆண்டுகளுக்கு முன். அப்போதே இங்கே மனிதர்கள் இருந்தார்கள். பக்கத்து மோட்டுதபு தீவில், சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே, மனிதக் காலடிகளும் நாயின் காலடிகளும் பதிந்து கிடந்ததைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். வெடிப்பு கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் யாரோ தங்கள் நாயோடு அந்தச் சாம்பலில் நடந்திருக்கிறார்கள். நம் ஆயுளில் இன்னொன்று வர வாய்ப்பு குறைவுதான். ஆனால் வந்தால் அவகாசம் அதிகம் இருக்காது. பல கிலோமீட்டர் ஆழத்திலிருந்து எரிமலைக் குழம்பு மேலே வர சில நாளோ சில வாரமோதான் ஆகும். அது ஏறும்போது வரும் சின்னச் சின்ன அதிர்வுகளைப் பிடிக்க ஜியோநெட் அமைப்பு நிலநடுக்கக் கருவிகள் வைத்திருக்கிறது. நகரத்து இரைச்சல் மறைத்துவிடக் கூடாதென்று சிலவற்றை ஆழ்துளைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கியிருக்கிறார்கள். வெடிக்கப்போகும் இடம் தெரிந்ததும், அதைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லோரையும் வெளியேற்றுவதுதான் திட்டம்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்து சேருமா என்று முதலில் பாருங்கள். அவசர அறிவிப்பு கைபேசிக்குத் தானாக வரும். செயலி எதுவும் வேண்டாம். ஆனால் வெளிநாட்டில் வாங்கிய சில போன்களில் வராது. நாடு முழுக்கச் சோதனைச் செய்தி அனுப்பிய ஒரு ஞாயிறு மாலை என் போன் அலறியது. சென்னையில் வாங்கிய என் கணவர் போன் மேசையில் அப்படியே கிடந்தது. மறுவாரமே மாற்றினோம். உங்கள் அப்பா அம்மா விசிட் வந்தால் அவர்கள் போனையும் பாருங்கள்.

அப்புறம் பை. பாஸ்போர்ட், விசாக் காகிதம், மருந்து, சாம்பலுக்கு என்95 முகக்கவசம். வீட்டில் ஆளுக்கு 3 நாளைக்கு 9 லிட்டர் தண்ணீர். வாடகை வீடென்றால் கட்டடத்துக்கான காப்பீடு வீட்டு உரிமையாளர் பாடு. அரசின் இயற்கைப் பேரிடர் காப்பீட்டில் வீட்டுச் சாமான்கள் இப்போது சேராது. அதனால் உங்கள் சாமான்களுக்கு எடுக்கும் பாலிசியில் எரிமலை வெடிப்பும் அடங்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மனைவியிடம் இதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் எனக்கும் தூக்கம் வந்தது. நாங்கள் இப்போது ஆல்பனியில் இருக்கிறோம், உங்களுக்கு 5 கிலோமீட்டருக்கு வெகு அப்பால். வெளியேறச் சொன்னால் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். எங்களைக் கிளம்பச் சொன்னால் நாங்கள் உங்களிடம் வருகிறோம். சரியா?