பொம்மைக்கு இறுதி ஊர்வலம் நடத்தும் சிறுவன்: தடுக்கலாமா?

கேள்வி: காசிமேட்டில் வசிக்கிறோம். இரண்டு மாதங்களுக்கு முன் என் மாமனார் வீட்டிலேயே காலமானார். ஆறு வயது மகனை அன்று உறவினர் வீட்டில் விட்டு, தாத்தா ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லிவைத்தோம். நான்கு வயதிலேயே நின்றுபோயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் இப்போது திரும்பிவிட்டது. தங்கையை அடிக்கிறான், ஏன் என்று கேட்டால் வாயே திறப்பதில்லை. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் பொம்மையைக் கிடத்தி, காகிதத்தைக் கிழித்துப் பூவாகத் தூவி, டம்ளரைத் தட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறான். அபசகுனம் என்று மாமியார் திட்டுகிறார். விளையாட்டுச் சிகிச்சை கொடுக்கலாம் என்கிறார் அவனுடைய ஆசிரியை. விளையாடுவதற்கு மருத்துவர் எதற்கு? என் கணவர் விசைப்படகில் போனால் திரும்பப் பத்து நாளாகும்.

பதில்: அந்த விளையாட்டைத் தடுக்காதீர்கள். நீங்கள் கேட்டும் அவன் சொல்லாததெல்லாம் அதில்தான் வெளிவருகிறது. கணவரை இழந்த உங்கள் மாமியாருக்கு அதைக் காணப் பொறுக்காது என்பதும் நியாயமே. அவர் வெளியே போயிருக்கும் நேரத்தில் விளையாட விடுங்கள்.

முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், அரிதாகச் சர்க்கரை நோய் ஆகியவற்றாலும் நின்றுபோன பழக்கம் திரும்பலாம். அவனுக்கு அதிகத் தாகமோ உடல் மெலிவோ இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

ஆறு வயதில், இறந்தவர் திரும்பி வரவே மாட்டார் என்பது பல குழந்தைகளுக்கு இன்னும் முழுமையாகப் புரிந்திருக்காது. ஊருக்குப் போன தாத்தா வரவில்லை, கடலுக்குப் போகும் அப்பாவும் அப்படியே வராமல் போய்விடுவாரோ என்று அவன் அஞ்சிக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே, தாத்தாவின் உடல் இயங்குவது நின்றுவிட்டது, அவர் இனி வரமாட்டார், அதற்கு நீ காரணமில்லை என்று எளிய சொற்களில் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

விளையாட்டுச் சிகிச்சையில் மருத்துவர் விளையாட்டுக் கற்றுத்தருவதில்லை. பொம்மைக் குடும்பம், சொப்புச் சாமான், களிமண், வண்ணக்குச்சி, படகு போன்றவை வைத்த அறையில், வாரம் ஒருமுறை, முப்பது முதல் ஐம்பது நிமிடம் வரை, குழந்தை போகும் வழியில் பயிற்சி பெற்றவர் பின்தொடர்வார். எதை எடுக்கிறது, எதைத் தொடவே மறுக்கிறது, எந்த இடத்தில் நிறுத்துகிறது என்று கவனித்து, அதில் தெரியும் உணர்வுக்குப் பெயர் கொடுப்பார். அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1940களில் வகுத்த நெறி இது. பெற்றோருக்கே இதைக் கற்றுத்தரும் முறையை 1960களில் கெர்னி தம்பதியர் உருவாக்கினர். எனவே வீட்டிலும் ஓரளவு செய்யலாம்.

தனியறை தேவையில்லை. ஒரு பாயை விரித்து, கைப்பேசியை அணைத்து, வாரந்தோறும் அதே நாளில் அரை மணி நேரம் அவனோடு மட்டும் உட்காருங்கள். தங்கையை அந்த நேரம் யாரிடமாவது விடுங்கள். அவன் டம்ளரைத் தட்டினால், “இது தாத்தாவா?” என்று கேட்காதீர்கள், அது விசாரணையாகிவிடும். “பெட்டியை மெதுவாகத் தூக்கிக்கொண்டு போகிறாய்”, “பொம்மைக்கு நிறையப் பூ போடுகிறாய்” என்று கண்ணில் படுவதைச் சொன்னால் போதும். அடிக்கக் கை ஓங்கினால், “உனக்குக் கோபம் வந்திருக்கிறது, அம்மாவை அடிக்கக் கூடாது, இந்தத் தலையணையை அடிக்கலாம்” என்று எல்லையைச் சொல்லுங்கள். முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அறிவித்துவிடுங்கள்.

ஒரே ஊர்வலம் பலமுறை நடப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். நாளாக நாளாகக் கதையில் ஏதாவது மாறிக்கொண்டே வரும். மாறாமல், முகத்தில் மகிழ்ச்சியே இல்லாமல் இயந்திரம்போல அதே காட்சி தொடர்ந்தாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, தாத்தாவிடம் போக வேண்டும், சாக வேண்டும் என்று பேசினாலோ வீட்டு முயற்சியோடு நிற்கக் கூடாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவோ எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையோ உங்களுக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளன. 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். போகும்போது அந்த அட்டைப்பெட்டி விளையாட்டை, நீங்கள் எனக்கு எழுதியதுபோலவே, ஒன்றையும் விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.