வர்த்தக ஒப்பந்தத்தால் விசா கிடைக்குமா? யாழ்ப்பாணத்தவர் கேள்விகளும் பதில்களும்

திருநெல்வேலி: ஐயா, தாய்லாந்தோடு ஒப்பந்தம் வந்துவிட்டது, இனி வேலை விசா சுலபம் என்று ஒரு ஏஜென்சிக்காரர் ஆறு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் தம்பி. 2024 பெப்ரவரி 3இல் கொழும்பில் கைச்சாத்தானது சுதந்திர வர்த்தக ஒப்பந்தம். ஆட்களை வேலைக்கு எடுக்கிற ஒப்பந்தம் வேறு. உலக வர்த்தக அமைப்பின் சேவை வர்த்தக உடன்படிக்கை 1995இல் நடைமுறைக்கு வந்தபோதே, வேலை தேடிப் போகிறவர்களுக்கும் நிரந்தர வேலை, வதிவிடம், குடியுரிமை ஆகியவற்றுக்கும் அது பொருந்தாது என்று எழுதிவைத்துவிட்டார்கள். பிறகு வந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதே தடத்தில்தான் போகின்றன. கூட்டத்துக்குப் போகும் வியாபாரி, சொந்தக் கம்பனியின் கிளைக்கு மாற்றப்படும் முகாமையாளர், ஒப்பந்த வேலையை முடித்துத் திரும்பும் நிபுணர் போன்றவர்களுக்குத்தான் அவை வழிவிடும். அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்.

காணியை ஈடு வைத்துக் காசு கட்டிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அந்த ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முதலில் விசாரியுங்கள்.

சாவகச்சேரி: பனங்கட்டியும் ஒடியல் மாவும் சென்னைக்கு அனுப்ப யோசிக்கிறேன். இந்தியாவோடு ஒப்பந்தம் இருக்கிறதே, விசாவில் சலுகை உண்டா?

இல்லை அக்கா. 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தம் பொருட்களுக்கு மட்டுமானது. சேவைகளையும் சேர்க்க நினைத்த ‘சீபா’ என்ற விரிவான பொருளாதார ஒப்பந்தம் 2008இல் கைச்சாத்தாகாமலே நின்றுபோனது. உங்களுக்குக் கிடைக்கக்கூடியது தீர்வைச் சலுகை. அதற்கு, பொருள் இலங்கையில் உற்பத்தியானது என்று காட்டும் வர்த்தகத் திணைக்களத்தின் தோற்றச் சான்றிதழ் வேண்டும். வாங்குகிறவர்களைச் சந்திக்க வியாபார விசாவில் போங்கள். சுற்றுலா விசாவில் போய் விலை பேசினால் அடுத்த முறை விசா கேட்கும்போது சிக்கல் வரலாம்.

கோண்டாவில்: அண்ணா ரொறன்ரோவில் கணக்காளர். பி.ஆர். என்ற நிரந்தர வதிவிடம் கிடைத்து நான்கு வருடம். ‘டி.என்.’ என்ற தற்காலிகத் தொழில் அனுமதி முறையில் அமெரிக்காவில் வேலை செய்யலாமா?

பி.ஆரை வைத்து முடியாது தங்கச்சி, கனடியக் குடியுரிமை வேண்டும். இது நம்மவர்கள் அடிக்கடி தவறாக விளங்கிக்கொள்ளும் விஷயம். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான 1994இன் நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்தில் வந்த வழி இது. 2020 ஜூலையில் புதிய ஒப்பந்தம் வந்த பிறகும் தொடர்கிறது. கனடா, மெக்சிகோ குடிமக்களுக்கு மட்டும்தான். கணக்காளர், பொறியியலாளர் எல்லாம் தொழில் பட்டியலில் இருக்கிறார்கள்.

குடியுரிமை எடுத்த பிறகு அமெரிக்க முதலாளியின் கடிதம், பட்டச் சான்றிதழ், கடவுச்சீட்டு மூன்றையும் கொண்டு எல்லையிலேயே கேட்கலாம். முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை. ஒரு தடவைக்கு மூன்று வருடம் வரை கொடுப்பார்கள், பிறகு நீடிக்கலாம். ஆனால் கூடப் போகும் மனைவி அந்தத் தகுதியை வைத்து அங்கே வேலை செய்ய முடியாது. அண்ணி வேலை செய்கிறவர் என்றால் இரண்டு பேரும் இதை முதலிலேயே பேசிக்கொள்ளட்டும்.

பருத்தித்துறை: ஜி.எஸ்.பி. பிளஸ் இருப்பதால் ஐரோப்பிய விசா இலகுவாகுமா?

ஆகாது. அது ஐரோப்பிய ஒன்றியம் நம் ஏற்றுமதிப் பொருளுக்குத் தரும் தீர்வைச் சலுகை மட்டும்தான்.

நல்லூர்: எங்கள் மென்பொருள் கம்பனிக்குச் சிங்கப்பூரில் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார். விசா இல்லாமல் போய் இரண்டு வாரம் அவருடைய அலுவலகத்திலேயே வேலை முடித்துக் கொடுக்கலாமா?

கூட்டம், பேச்சுவார்த்தை என்றால் பயணி அனுமதியோடு போகலாம். அங்கே உட்கார்ந்து வேலை செய்வது வேறு கணக்கு. சம்பளம் யாழ்ப்பாணத்தில்தானே வருகிறது என்று சொல்லித் தப்ப முடியாது. என்ன வேலை, எத்தனை நாள் என்று எழுதி, வேலை அனுமதி தேவையா என்பதை அந்த நாட்டு மனிதவள அமைச்சிடம் வாடிக்கையாளரையே கேட்கச் சொல்லுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.