மீன் ஏற்றிய பிக்கப் எவ்வளவு வேகம் போகும்?

கேள்வி: மண்டபத்திலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றுகிறேன். ஒன்றரை டன் டீசல் பிக்கப். மீட்டரில் 140 வரை போட்டிருக்கிறது, வண்டி 80-க்கு மேல் ஏறுவதில்லை. கவர்னரை (வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கழற்றினால் எவ்வளவு போகும்?

பதில்: 80-ல் நிற்பது கோளாறு இல்லை. சரக்கு வாகனங்களுக்கு அந்த வேகத்தில் பூட்டு போடச் சொல்வது மத்திய மோட்டார் வாகன விதி 118. கழற்றினாலும் 140 கனவுதான். 75 குதிரைத்திறன் எஞ்சின், வெறும் வண்டியாக 110-ஐ ஒட்டிப் போகலாம். சரக்கோடு 95, 100-லேயே திணறும். சமதரையில் எடையைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. கேபினுக்கு மேலே ஐஸ் பெட்டி எழும்பி நின்றால் இன்னும் மோசம். காற்றைத் தள்ளத் தேவையான சக்தி 80-லிருந்து 100-க்கு ஏறும்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. டீசல் செலவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வேகமாகப் போனால் நேரம் எவ்வளவு மிச்சம்? மண்டபத்திலிருந்து பரமக்குடி வரை பெரும்பாலும் இருவழிச் சாலை, சரக்கு வண்டிக்கு வரம்பே 60. நான்குவழி என்று கிடைப்பது பரமக்குடி–மதுரை சுமார் 75 கி.மீ. அதை 80-ல் கடக்க 56 நிமிடம், 100-ல் 45. வெறும் 11 நிமிடம்! இதற்காக எஃப்.சி.யிலும் (வண்டியின் தகுதிச் சான்று) இன்சூரன்ஸிலும் மாட்டிக்கொள்ள வேண்டுமா? ஐஸ் அள்ளிப் போடும் இடத்திலேயே அந்த நேரத்தைப் பிடித்துவிடலாம்.

பிரேக் கணக்கையும் பாருங்கள். காய்ந்த ரோடு, நல்ல பிரேக், சுதாரிக்க ஒரு விநாடி என்று வைத்தால் 60-ல் நிற்க சுமார் 45 மீட்டர், 80-ல் 70, 100-ல் 105. ரோட்டில் மணல் படிந்திருந்தால் இன்னும் கூடும். ராமேஸ்வரத்தில் ஏற்றும் நாளில் கச்சான் காற்று வீசினால் பாம்பன் பாலத்தில் 40 போதும். உயரமான பெட்டியைப் பக்கக்காற்று தள்ளும்.

ஜி.பி.எஸ்.ஸில் 80-ஐ நெருங்கவே இல்லை என்றால்தான் கோளாறு. (மீட்டர் இரண்டு மூன்று கூட்டிக் காட்டுவது சகஜம்.) ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டர்போ ஹோஸ் கசிவு, கிளட்ச் வழுக்கல், இந்த வரிசையில் பாருங்கள். பத்து கி.மீ. ஓட்டி நிறுத்தி, தொடாமல் நான்கு சக்கரத்துக்கும் அருகே கை வையுங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடலோர வண்டிகளில் வீல் சிலிண்டர் உப்பில் இறுகுவது அடிக்கடி நடக்கும்.

அடியில் படுத்து இன்னொன்றையும் பாருங்கள். மீன் பெட்டித் தண்ணீர் சேஸிஸ் வழியாக வடிந்து, பின் பிரேக் பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புக்குள் தேங்கும். வெளியே பைப் பளிச்சென்று இருக்கும், கிளிப்புக்கு அடியில் அரித்திருக்கும். கிளிப்பைக் கழற்றித் துடையுங்கள். துரு பொரிந்து பள்ளம் விழுந்திருந்தால் சுரண்டிப் பெயின்ட் அடிக்காதீர்கள். பைப்பை மாற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் லைனிலும் சிக்கிய காற்றை வெளியேற்றிய பிறகே லோடு ஏற்றுங்கள்.