ஆன்டெனாவை 3டி பிரிண்ட் செய்யலாமா? ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நண்பர்கள் கேட்டவை

145 மெகாஹெர்ட்ஸ் யாகிக்கு (ஒரு தண்டில் வரிசையாகக் கம்பிகள் பொருத்திய ஆன்டெனா) பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் கம்பி பிடிக்கும் கிளிப் பிரிண்ட் அடித்தேன் சார். ஒரே மாத வெயிலில் கம்பிகள் தொங்கிவிட்டன. என்ன தப்பு?

பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். மொட்டை மாடி வெயிலில் கறுப்புத் துண்டு அந்தச் சூட்டை எளிதில் தொட்டுவிடும். பிஇடிஜி 80 வரை தாங்கும். ஏபிஎஸ், ஏஎஸ்ஏ இரண்டும் ஏறக்குறைய 100 வரை தாங்கினாலும் புற ஊதாக் கதிரில் ஏபிஎஸ் நொறுங்கிப்போகும். நிரந்தரமாக மாடியில் நிற்பதற்கு நான் ஏஎஸ்ஏதான் போடுவேன். அடிக்கும்போது நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். விண்வெளி நிலையத்தை 145.800 மெகாஹெர்ட்ஸில் கேட்கக் கையில் தூக்கிப்போகும் யாகிக்கு பிஇடிஜி போதும்.

இருமுனை ஆன்டெனாவின் கம்பிகளைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டதும் ஒத்ததிர்வு (ஆன்டெனா நன்றாக வேலை செய்யும் அதிர்வெண்) கீழே இறங்கிவிட்டதே அண்ணா?

இறங்கத்தான் செய்யும். இந்தப் பிளாஸ்டிக்குகளின் மின்கடவா மாறிலி (அலையை ஒரு பொருள் எவ்வளவு மெதுவாக்கும் என்பதைக் காட்டும் எண்) 2.5 முதல் 3 வரை. கம்பியை ஒட்டி அது இருந்தால் கம்பி நீண்டதுபோல நடந்துகொள்ளும். எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். கம்பியின் நுனியில் மின்னழுத்தம் உச்சம். அங்கே சின்ன மூடி போட்டாலும் மீட்டரில் தெரியும். நடுவில் அழுத்தம் மிகக் குறைவு. அதனால்தான் யாகியின் நடுக் கிளிப் எவ்வளவு தடியாக இருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. பிளாஸ்டிக்கை மாட்டிவிட்டு, அப்புறம் கம்பியை நறுக்குங்கள். பிளாஸ்டிக்கின் உள்ளே காலி இடம் விட்டு அடித்தால் பாதிப்பு குறையும். ஆனால் அந்தக் காலி இடத்தில் மழைநீர் புகுந்தால் போச்சு, தண்ணீரின் மாறிலி 80.

கறுப்பு ஃபிலமென்ட் (பிரிண்டருக்கான பிளாஸ்டிக் இழை) வேண்டாம் என்கிறார்களே?

நிறத்துக்குக் கார்பன் சேர்ப்பார்கள், அது அலையை உறிஞ்சிச் சூடாகலாம். 145இல் கவலை இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸில் கொஞ்சம் கவனம் தேவை. ஒரு துண்டை மைக்ரோவேவ் அடுப்பில், பக்கத்தில் ஒரு கப் தண்ணீரோடு, அரை நிமிடம் வையுங்கள். சுட்டால் தவிர்த்துவிடுங்கள். கார்பன் நார் கலந்ததை மட்டும் உள்ளே வைக்காதீர்கள், பொறி பறக்கும்.

மின்கடத்தும் ஃபிலமென்டிலேயே முழு ஆன்டெனாவையும் அடித்துவிட்டால்?

வேண்டாம். கார்பன் கலந்த ஃபிலமென்ட் செம்பைவிடப் பல லட்சம் மடங்கு மோசமான கடத்தி. உங்கள் வாட்டெல்லாம் சூடாகவே போகும். பிளாஸ்டிக்கின் மேல் செம்பு டேப் ஒட்டுங்கள். 145இல் மின்னோட்டம் மேற்பரப்பில் ஐந்தாறு மைக்ரான் ஆழத்தில்தான் ஓடுகிறது, 35 மைக்ரான் டேப் தாராளம். சாதாரண டேப்பின் பசை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் இணைப்புகளில் ஈயம் வைக்க வேண்டும். பற்றுக்கோலைத் தொட்டவுடன் எடுத்துவிடுங்கள், இல்லையேல் அடியில் பிளாஸ்டிக் உருகும்.

ஹாம்கள் பயன்படுத்தும் கியூஓ-100 செயற்கைக்கோளுக்கு ஹெலிக்ஸ் (சுருள் ஆன்டெனா) சுற்ற உருளை அடிக்கிறேன். அளவு?

அதற்கு அனுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 செ.மீ. ஒரு சுற்று ஏறக்குறைய அவ்வளவு இருக்க வேண்டும், ஆக விட்டம் 4 செ.மீ. கம்பிக்கு வெளிப்புறம் பள்ளம் வையுங்கள். ஹெலிக்ஸ் நேரடியாக வானத்தைப் பார்த்தால் கம்பிக்கு வலச்சுற்று. டிஷ்ஷின் முன்னால் வைத்தால் இடச்சுற்று, ஏனென்றால் டிஷ்ஷில் பட்டுத் திரும்பும்போது அலையின் சுழற்சி மாறிவிடும். இதைக் கவனிக்காமல் நான் ஒரு உருளையை வீணாக்கியிருக்கிறேன்.