கணினி கேள்வி பதில்: சொந்தக் கெர்னல், தொலையாத டிரைவர்கள்

கேள்வி: உபுண்டு லேப்டாப்பில் ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ கொடுத்து லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) மூலநிரலிலிருந்து கம்பைல் செய்தேன். பூட் ஆகிறது. ஆனால் போனின் யூஎஸ்பி டெதரிங், எக்ஸ்ஃபேட் மெமரி கார்டு இரண்டும் வேலை செய்யவில்லை. ஏன்?

பதில்: அந்தக் கட்டளை ‘எல்எஸ்மாட்’ பட்டியலை மட்டுமே நம்புகிறது. அது அந்த நேரத்தில் கெர்னலில் ஏற்றப்பட்டுள்ள மாட்யூல்களை (தேவைக்கேற்பச் சேரும் டிரைவர் போன்ற துண்டுகள்) காட்டும் பட்டியல். அந்த நேரத்தில் ஏற்றப்படாத மாட்யூல்களை எல்லாம் அணைத்துவிடும். போனும் கார்டும் அப்போது செருகப்பட்டிருக்காது, அவற்றின் டிரைவர்களும் போய்விட்டன.

டிரைவர்களை வெட்டினால் கணினி வேகமாகும் என்று பலர் நம்புகிறார்கள். மாட்யூலாக உள்ள டிரைவர் தேவைப்படும்வரை வட்டில்தான் கிடக்கும், நினைவகத்தைத் தொடாது. மிச்சமாவது கம்பைல் நேரமும் வட்டு இடமும்தான். ஆகவே உபுண்டுவின் முழுக் கெர்னல் அமைப்பையே (கான்ஃபிக்) அடித்தளமாக வையுங்கள். ‘பூட்’ அடைவில், இப்போது ஓடும் கெர்னலின் பதிப்பு எண்ணோடு ஒரு ‘கான்ஃபிக்’ கோப்பு இருக்கும். அதைப் புது மூலநிரல் அடைவுக்குள் ‘.கான்ஃபிக்’ என்ற பெயரில் நகலெடுத்து ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ கொடுங்கள். புது விருப்பங்களுக்கு இயல்பு மதிப்பை அதுவே போட்டுக்கொள்ளும். பெயர் மாறிய பழைய விருப்பங்களோ சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். அதனால் பழைய கோப்பையும் புதியதையும் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ அடைவிலுள்ள ‘டிஃப்கான்ஃபிக்’ கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது.

அடுத்து ‘மேக் மெனுகான்ஃபிக்’ கொடுத்து, மெனு வழியாக விருப்பங்களைத் திருத்துங்கள். உபுண்டுவின் அமைப்பில் ‘சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்’, ‘சிஸ்டம் ரெவொகேஷன் கீஸ்’ இரண்டும் உபுண்டுவை வெளியிடும் கனானிகல் நிறுவனத்தின் சான்றிதழ்க் கோப்புகளைக் காட்டும். லினக்ஸ் கெர்னலின் அதிகாரபூர்வத் தளமான கெர்னல்.ஆர்க் தரும் மூலநிரலில் அவை இல்லாததால் கம்பைல் பாதியில் நின்றுவிடும். இரண்டையும் காலியாக்குங்கள். பிழை தேட உதவும் டீபக் தகவலையும் அணையுங்கள், இல்லையேல் வட்டில் பல ஜிபி விழுங்கும். ‘லோக்கல் வெர்ஷன்’ இடத்தில் ஹைஃபனோடு ஒரு பெயர் கொடுத்தால் அதே எண்ணுள்ள வேறு கெர்னலின் மாட்யூல்களோடு கலக்காது.

கடைசியாக ‘மேக் பின்டெப்-பிகேஜி’. அதோடு ‘-ஜே’ போட்டு ப்ராசஸர் கோர்களின் எண்ணிக்கையைக் கொடுங்கள். மேல் அடைவில் டெப் கோப்புகள் (உபுண்டுவில் நிறுவும் தொகுப்புகள்) வரும். இமேஜ், ஹெடர்ஸ் இரண்டையும் நிறுவுங்கள். ஹெடர்ஸ் இல்லாமல் போனால் டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கெர்னலுக்கும் வெளி மாட்யூல்களைத் தானே கட்டும் கருவி) வழியாக வரும் என்விடியா, விர்ச்சுவல்பாக்ஸ் மாட்யூல்கள் புதுக் கெர்னலுக்குக் கட்டப்படாது.

கேள்வி: கம்பைல் நேரத்தைக் குறைத்தே ஆக வேண்டும். பாதுகாப்பாக வெட்ட வழி உண்டா?

பதில்: உண்டு. உங்களிடமுள்ள எல்லாச் சாதனங்களையும் செருகி, ஒவ்வொன்றையும் ஒருமுறை இயக்குங்கள். விபிஎன்னையும் இணைத்து, எக்ஸ்ஃபேட் கார்டை மவுண்ட் செய்யுங்கள். பிறகு எல்எஸ்மாட் வெளியீட்டைக் கோப்பாகச் சேமித்து, ‘எல்எஸ்மாட்=’ என்று அதன் பாதையை ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ கட்டளையில் கொடுங்கள். புதிய கெர்னல்களில் ‘எல்எம்சி_கீப்’ மூலம் யூஎஸ்பி டிரைவர்கள், கோப்பு முறைகள் போன்ற அடைவுகளை அப்படியே காப்பாற்றலாம்.

கேள்வி: புதுக் கெர்னல் ‘அன்நோன்-பிளாக் (0,0)’ என்று சொல்லி நின்றுவிடுகிறது.

பதில்: ரூட் பகுதி (உபுண்டு நிறுவப்பட்ட இடம்) உள்ள வட்டை அதனால் பார்க்க முடியவில்லை. கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் பழைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே போங்கள் (அதை ஒருபோதும் அழித்துவிடாதீர்கள்). பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது தேவையான டிரைவர்களைத் தரும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) உருவாகாததுதான் காரணம்: ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே’ என்று கொடுத்து, புதுக் கெர்னலின் பதிப்பைச் சேருங்கள். அது இருந்தும் நின்றால் வட்டுக்கான என்விஎம்இ அல்லது சாட்டா டிரைவரும், எக்ஸ்ட்4 கோப்பு முறையும் கெர்னல் அமைப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘பேட் ஷிம் சிக்னேச்சர்’ என்று வந்தால் கதையே வேறு: செக்யூர் பூட் (பூட் ஆகும்போது கையொப்பத்தைச் சரிபார்க்கும் பாதுகாப்பு வசதி) கையொப்பமில்லாத கெர்னலைத் தடுக்கிறது. சொந்தச் சாவியை ‘மோக்யூட்டில்’ என்ற கருவி மூலம் பதிந்து, கெர்னலில் கையொப்பமிட வேண்டும்.