மாத்திரை போட்டும் போகாத தலைவலி

கேள்வி: எனக்கு வயது 36. நாலைந்து வருடமாகத் தலைவலி. முதலில் மாதத்துக்கு இரண்டு மூன்று முறைதான் வரும். பாதித் தலையில் விண்விண் என்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாது. சைனஸ் என்று நினைத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுவேன், சரியாகிவிடும். கடந்த ஆறேழு மாதமாகக் காலையில் எழும்போதே தலை முழுக்கக் கனக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் மாத்திரை போடுகிறேன். மதியம் வரைகூடத் தாங்குவதில்லை. மூளையில் கட்டி ஏதாவது இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் பயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். மூளைக்கட்டி இருந்து, அதற்குத் தலைவலி மட்டுமே அறிகுறியாக இருப்பது அரிது. வலிப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம் என்று வேறு ஏதாவது சேர்ந்துகொள்ளும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. இருந்தாலும் பழகிய தலைவலி தன் போக்கை மாற்றிக்கொண்டிருப்பதால், ஒரு மருத்துவர் உங்களை நேரில் பார்த்தே ஆக வேண்டும். ஸ்கேன் தேவையா என்பதை அவர் சொல்லட்டும்.

எனக்குக் கவலை தந்தது 'வாரத்தில் ஐந்து நாள் மாத்திரை' என்ற வரிதான். ஏற்கெனவே தலைவலித் தொல்லை உள்ளவர்கள் வலி மாத்திரையை அடிக்கடி எடுத்துக்கொண்டே இருந்தால், அந்த மாத்திரையே புதிதாக ஒரு தலைவலியைக் கொண்டுவந்துவிடும். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்தைத் தாண்டியும் எடுத்தால் இந்த ஆபத்து உண்டு. இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை, கோடீன் (ஓபியம் வகை வலி மருந்து), டிரிப்டான் வகை (ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள மருந்து) என்றால் மாதம் 10 நாளே போதும். எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதுதான் இதில் கணக்கு. உங்களுக்கு மாதம் இருபது நாளைத் தாண்டுகிறது. விடியற்காலையிலேயே தலை கனப்பதற்கும் இது பொருந்துகிறது: இரவில் மருந்தின் வேகம் இறங்கிவிடுகிறது, வலி முந்திக்கொள்கிறது.

அப்படியானால் முதலில் இருந்த வலி எது? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன் போலத்தான் தெரிகிறது. சைனஸ் என்று நினைத்துப் பல வருடம் கடத்துகிறவர்கள் நிறையப் பேர். மைக்ரேனிலும் மூக்கடைக்கும், கண்ணில் நீர் வரும். முகத்துக்கும் தலைக்கும் போகிற நரம்பு ஒன்றே என்பதால் வரும் குழப்பம் அது. சைனஸ் தொற்று என்றால் கெட்டியான, நிறம் மாறிய சளி வரும், காய்ச்சல் இருக்கலாம், வாசனை தெரியாமல் போகும்.

சரி, என்ன செய்வது? மாத்திரையை நிறுத்த வேண்டும். கேட்கவே கஷ்டமாக இருக்கும், எனக்குத் தெரியும். சாதாரண வலி மாத்திரை என்றால் ஒரேயடியாக நிறுத்தலாம். கோடீனோ தூக்க மருந்தோ கலந்திருந்தால் மருத்துவர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். அதனால் போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். நிறுத்தியதும் வலி கூடும். குமட்டலும் தூக்கமின்மையும் வரலாம். பெரும்பாலும் இரண்டிலிருந்து பத்து நாளுக்குள் இது அடங்கும். இந்த நாட்களில்தான் பலர் மனம் தளர்ந்து மறுபடி மாத்திரைக்குப் போகிறார்கள். வேலைப் பளு குறைவான சமயமாகப் பார்த்து ஆரம்பியுங்கள், வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லி வையுங்கள். முழுப் பலன் தெரிய இரண்டு மாதம்வரை ஆகலாம்.

வலியே வராமல் தடுக்கத் தினமும் எடுக்கிற மருந்துகள் தனியாக இருக்கின்றன: புரொப்ரனலால், அமிட்ரிப்டிலின், டொபிராமேட். இவை மெதுவாகத்தான் வேலை செய்யும், ஒரு வாரத்தில் பலன் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டொபிராமேட் கருவைப் பாதிக்கும்.

இந்தப் பழக்கத்திலிருந்து மீண்ட பிறகும் மைக்ரேன் எப்போதாவது வரத்தான் செய்யும். வலி ஆரம்பித்த உடனேயே, சரியான அளவில் மாத்திரை போட்டுக்கொண்டு இருட்டறையில் படுத்துவிடுங்கள். நெற்றியில் ஈரத்துணி போட்டால் இதமாக இருக்கும். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை வேண்டாம். விடுமுறையிலும் தூக்கமும் சாப்பாடும் அதே நேரத்தில் நடக்கட்டும். மைக்ரேன் உள்ள தலைக்கு எந்தத் திடீர் மாற்றமும் ஆகாது. காபி அதிகம் குடிப்பவர் என்றால் படிப்படியாகக் குறையுங்கள், சட்டென்று நிறுத்தினால் அதற்கே ஒரு தலைவலி வரும்.

ஒரு நிமிடத்துக்குள் உச்சக்கட்ட வேகத்துக்கு ஏறுகிற, வாழ்க்கையில் அதுவரை கண்டிராத தலைவலி வந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ, தலையில் அடிபட்ட பிறகு வலி கூடிக்கொண்டே போனாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இன்றைக்கே ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள்: வலி வந்த நாள், எத்தனை மணி நேரம் இருந்தது, தலையின் எந்தப் பக்கம், போட்ட மாத்திரையின் பெயர், மாதவிடாய் நாள். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். ஸ்கேனைவிட அவருக்கு உதவுவது பெரும்பாலும் அந்தக் குறிப்புகள்தான்.