மனநல ஆலோசனைச் செயலி வடிவமைக்க விரும்பும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மதுரையில் பி.இ. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், இணையவழி மனநல ஆலோசனைக்கான கைபேசிச் செயலி ஒன்றை இறுதியாண்டுத் திட்டப்பணியாக வடிவமைக்க விரும்புகிறார். அதையே தொழிலாகவும் கொள்ளப்போவதாகச் சொல்லி, வளாக நேர்காணலுக்கான பயிற்சி வகுப்பில் சேர மறுக்கிறார். இதில் வேலை உண்டா, என்ன படிக்க வேண்டும், 'மனநோய் சம்பந்தப்பட்ட வேலை' என்று ஊரார் பேசினால் திருமணப் பேச்சுக்கு இடையூறு வருமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்காவது கேள்வி ஒன்றும் கடிதத்துக்குள் இருக்கிறது. "எத்தனையோ தலைப்பு இருக்க இதை ஏன் எடுத்தாள்" என்று இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

திருமணத்தைப் பற்றிய கேள்வியை முதலிலேயே முடித்துவிடலாம். இதய மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதுபவரை யாரும் இதய நோயாளி என்று சொல்வதில்லை. தங்கள் மகளின் பணி நியமனக் கடிதத்தில் 'யு.எக்ஸ். வடிவமைப்பாளர்', அதாவது பயனர் அனுபவத்தை வடிவமைப்பவர், என்றுதான் இருக்கும். இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு இடம் தர வேண்டியதில்லை.

தேவை இருக்கிறதா என்றால், நிச்சயமாக இருக்கிறது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவ நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. கோளாற்றின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறாமல் இருந்தனர். இந்த இடைவெளியைச் செயலிகள் நிரப்பிவிடும் என்ற நம்பிக்கையில்தான் மாணவர்கள் பலரும் இத்துறைக்குள் இறங்குகிறார்கள். ஆனால் 93 மனநலச் செயலிகளின் பயன்பாட்டை அளந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, நிறுவிய 15 நாட்களுக்குப் பிறகும் அவற்றைத் திறப்பவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை என்று காட்டியது. ஆகவே செயலிகளுக்குப் பஞ்சமில்லை. நிறுவியவர் மறுபடி திறக்கும் செயலிகளுக்குத்தான் பஞ்சம். திரையின் நிறத்தையும் படங்களையும் மாற்றிக்கொண்டிருப்பதால் இந்தக் குறை தீராது என்பதைத் தங்கள் மகள் இப்போதே அறிந்துகொள்வது நல்லது.

என்னிடம் வரும் மாணவர்கள் காட்டும் மாதிரித் திரைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன: இளநீல வண்ணம், தியானத்தில் அமர்ந்த ஒரு பெண்ணின் படம், 'இன்று உங்கள் மனநிலை எப்படி' என்று கேட்கும் ஐந்து முகங்கள். நான் அவர்களிடம் ஒரே ஒரு சூழலைச் சொல்லி வரைந்துவரச் சொல்வது வழக்கம். இரண்டு அறை வீடு. மாமியாரும் கணவரும் கூடத்தில் இருக்கிறார்கள். கைபேசியின் திறவு எண் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை பாடம் படிக்கவும் அதைத்தான் எடுக்கிறது. இந்தப் பெண் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆலோசகரோடு பேச வேண்டும். 'உங்கள் சிகிச்சை அமர்வு பத்து நிமிடத்தில் தொடங்குகிறது' என்ற அறிவிப்பு பூட்டிய திரையில் தோன்றினால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். வாய்விட்டுப் பேச இடமில்லாத நாளில் தட்டச்சு செய்து உரையாட வழி வேண்டும். செயலிக்குத் தனியாக ஒரு பூட்டு வேண்டும்; அண்மையில் திறந்த செயலிகளின் வரிசையில் உரையாடல் தெரியாதபடி மறைக்கும் வசதி ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும். இணைப்பு மெலிந்தால் காணொளி நின்று குரல் மட்டும் தொடர வேண்டும். அழுதுகொண்டிருக்கும் ஒருவரின் முன்னால் திரை உறைந்து நிற்பதைவிட முகம் தெரியாத குரல் எவ்வளவோ மேல். இவற்றையெல்லாம் யோசித்துத் திரை வரைந்துவருபவருக்கு இத்துறையில் இடம் உண்டு என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது வினாத்தாள். மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் பி.எச்.கியூ-9 என்ற பட்டியலில் ஒன்பது கேள்விகள் உள்ளன; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கட்டணமின்றிக் கிடைப்பதால் மாணவர்கள் அனைவரும் இதைச் செயலிக்குள் வைத்துக் கூட்டுத்தொகையைக் காட்டிவிடுகிறார்கள். ஆனால் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்றோ தன்னைத் தானே வருத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்பது. மற்ற எட்டுக்கும் குறைவாகக் குறித்து அந்த ஒன்றுக்கு மட்டும் 'பல நாட்கள்' என்று ஒருவர் குறித்தால், மொத்தம் சிறிதாக இருப்பதால் 'நீங்கள் நலமாக இருக்கிறீர்கள்' என்று பச்சை வண்ணத்தில் காட்டும் செயலியை நான் பார்த்திருக்கிறேன். நிரலில் பிழையே இல்லை; வடிவமைத்தவருக்கு அந்தத் தாளின் பொருள் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தப் பதில் வந்த உடனே பேசுவதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாத நேரமானால் 24 மணி நேரமும் இயங்கும் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 ஒரே தொடுதலில் கிடைக்க வேண்டும். கேள்விகளைத் தாமாக மொழிபெயர்க்கவும் கூடாது. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் தமிழ் வடிவத்தையே எடுக்க வேண்டும். நம் நாளிதழ்களில் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல் மனச்சோர்வு (டிப்ரெஷன்), நெருக்கடியால் வரும் அழுத்தம் (ஸ்ட்ரெஸ்) என்ற இரண்டு வேறு நிலைகளுக்கு மாறி மாறி வருகிறது. வினாத்தாளில் சொல் மாறினால் மதிப்பெண்ணின் பொருளும் மாறிவிடும்.

மூன்றாவதாக இரகசியம். தங்கள் மகள் இரண்டு வழக்குகளைக் கட்டாயம் படிக்க வேண்டும். பின்லாந்தில் வாஸ்தாமோ என்ற உளவியல் சிகிச்சை நிறுவனத்தின் ஆவணங்கள் திருடப்பட்டு, 2020-இல் நிறுவனத்திடமும் பின்னர் நோயாளிகளிடமே தனித்தனியாகவும் பணம் கேட்டு மிரட்டல் வந்தது. ஏறத்தாழ 33,000 பேர், தங்கள் மருத்துவரிடம் மட்டும் சொன்னவை இணையத்தில் வெளியாகுமோ என்று அஞ்சி நின்றார்கள். அடுத்த ஆண்டே நிறுவனம் திவாலாயிற்று. இரண்டாவது அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் என்ற இணையவழி மனநல ஆலோசனை நிறுவனம். அங்கே திருடன் எவனும் நுழையவில்லை. தகவல் இரகசியமாக இருக்கும் என்று வாக்களித்துவிட்டு, பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் உடல்நல வினாத்தாள் விவரங்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றோடு பகிர்ந்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023-இல் நடவடிக்கை எடுத்தது. 78 இலட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. மாணவர்களுக்கு இரண்டாவது வழக்கே கூடுதலாகப் பொருந்தும். ஏனெனில் பயன்பாட்டை அளக்கும் ஆயத்த நிரல் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிட்டு, அது யாருக்கு என்ன அனுப்புகிறது என்று பாராமல் விடுவது கல்லூரித் திட்டப்பணிகளில் அன்றாட வழக்கம். நம் நாட்டிலும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ரூ.250 கோடி வரை அபராதத்துக்கு இடம் உண்டு. 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவல் என்றால் பெற்றோர் ஒப்புதல், அதற்கான விலக்குகள் என்று சிக்கல் கூடும். மாணவத் திட்டப்பணி வயது வந்தோருக்கு மட்டும் என்று முதல் வரியிலேயே எழுதிவிடட்டும்.

இவ்வளவையும் தங்களை அச்சுறுத்துவதற்காக எழுதவில்லை. மகள் தம் திட்டத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். 'ஆலோசகரைத் தேடுதல், காணொளி, கட்டணம், மனநிலைக் குறிப்பு, உரையாடும் இயந்திரம் எல்லாம் கொண்ட செயலி' என்று அவர் எழுதித் தந்திருக்கும் முன்மொழிவை நான் ஏற்கமாட்டேன். ஒரே ஓர் ஆலோசகரின் அன்றாட வேலையில் ஒரு முடிச்சை அவிழ்க்கட்டும். அவருடைய கல்லூரியில் மாணவர் ஆலோசனை மையம் இருந்தால், அங்கே மாணவர்கள் முன்பதிவு செய்யத் தயங்குவது ஏன், முதல் அமர்வுக்கு வந்தவர் இரண்டாவதற்கு ஏன் வருவதில்லை என்று ஆலோசகரிடம் கேட்டு, அந்த இரண்டு அமர்வுகளுக்கு இடைப்பட்ட வாரத்துக்காக மட்டும் ஐந்தாறு திரைகளை வடிவமைத்தால் போதும். உடனிருந்து வழிநடத்துபவர் மருத்துவ உளவியலாளரானால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உண்மையில் வருந்திக்கொண்டிருப்பவர்களிடம் அரைகுறைச் செயலியைக் கொடுத்துச் சோதிக்கவே கூடாது. ஆலோசகர்களும் நலமாக உள்ள நண்பர்களும் பாத்திரமேற்று நடித்துச் சோதிக்கலாம்.

முடிந்தால் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த ஒரு முயற்சியைப் பற்றியும் அவர் விசாரிக்கட்டும். சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பு 2010-இல் பேருந்து ஒன்றுக்குள் ஆலோசனை அறையும் மருந்தகமும் அமைத்துக் கிராமங்களுக்கு அனுப்பியது. நோயாளி பேருந்துக்குள் அமர்ந்து சென்னையில் உள்ள மனநல மருத்துவரோடு காணொளியில் பேசுவார். மருந்து அங்கேயே கிடைக்கும். அதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது காணொளி அன்று. மக்களைப் பேருந்துவரை அழைத்துவந்து, பிறகும் வீடு தேடிச் சென்று விசாரித்த களப்பணியாளர்கள்தாம். செயலியில் அந்தக் களப்பணியாளருக்குரிய இடம் எது என்று தங்கள் மகள் யோசித்தால், அவருடைய திட்டப்பணி மற்றவர்களுடையதிலிருந்து தானாகவே விலகித் தெரியும்.

படிப்பைப் பொறுத்தவரை பி.இ. முடிப்பதே சரி, இடையில் நிறுத்துவது பற்றிப் பேச்சே வேண்டாம். அதன்பின் விரும்பினால் ஐ.ஐ.டி. மும்பை நடத்தும் சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வை எழுதி எம்.டெஸ். என்ற வடிவமைப்பு முதுகலைப் படிப்பில் சேரலாம்; சீட் என்றவுடன் பணம் கட்டி வாங்கும் கல்லூரி இடம் என்று எண்ணிவிடாதீர்கள், தேர்வின் பெயரே அதுதான். இறுதியாண்டிலேயே எழுதலாம், வயது வரம்பும் இல்லை. பெங்களூரில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவன வளாகத்திலும் ஊடாட்ட வடிவமைப்பில் எம்.டெஸ். இருக்கிறது. அவருடைய உள்ளம் திரையைவிட மனிதர்களை நாடுவதாகத் தெரிந்தால் உளவியல் முதுகலைக்கு மாறுவதும் வழியே. ஆனால் அது ஆலோசகராகும் நீண்ட பாதை, செயலி வடிவமைக்க அது கட்டாயமில்லை.

வேலையைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். மனநலச் செயலி நிறுவனங்கள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றின் ஆயுளும் உறுதியில்லை. உளவியலாளர் ஒருவரே தொடங்கி 2017 முதல் நடத்திவந்த வோபாட் என்ற பெயர்பெற்ற மனநல உரையாடல் செயலி 2025 ஜூன் 30 அன்று நிறுத்தப்பட்டது. ஆகவே 'இந்தத் துறை மட்டும்தான்' என்ற பிடிவாதம் கூடாது. அச்சத்தில் இருப்பவருக்குத் தெளிவாக எழுதுவது, தேவையற்ற தகவலைக் கேட்காமல் இருப்பது, இணைப்பு அறுந்தால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே யோசிப்பது ஆகிய திறன்களை மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வங்கிகளும் தேடுகின்றன. வளாக நேர்காணலிலும் அவர் கலந்துகொள்ளட்டும்; பயிற்சி வகுப்பு வாரத்துக்குச் சில மணி நேரம்தான், திட்டப்பணியை அது விழுங்கிவிடாது. இதை அவரிடம் தாங்கள் சொல்வதைவிட நான் சொன்னதாகச் சொல்வது எளிதாக இருக்கலாம்.

இனி, தாங்கள் நேராகக் கேட்காத அந்த நான்காவது கேள்வி. மகளுக்கே ஏதேனும் துன்பம் இருக்குமோ, அதனால்தான் இந்தத் தலைப்போ என்பது தங்கள் அச்சம். இருக்கலாம்; தோழி ஒருத்திக்கு நேர்ந்ததைப் பார்த்தும் இருக்கலாம்; ஆர்வம் மட்டுமாகவும் இருக்கலாம். கடிதத்தை வைத்து நான் எதையும் முடிவு செய்ய இயலாது. அவர் விடுமுறைக்கு வரும்போது, மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, "இதை நீ தேர்ந்தெடுத்ததற்கு என்ன காரணம் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது" என்று ஒரு முறை கேளுங்கள். விடை வந்தால் இடைமறிக்காமல் கேளுங்கள். வராவிட்டால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள், தாயிடமும் துருவச் சொல்லாதீர்கள். ஆனால் உறக்கமோ உணவோ குறைந்திருந்தாலும், வாழ்வதில் சலிப்பு என்ற பொருளில் ஒரு சொல் வந்தாலும் அன்றே செயல்பட வேண்டும். மேலே சொன்ன 14416 எண்ணில் தமிழில் பேசலாம். துன்பப்படுபவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை, வழிகேட்டுத் தாங்களே அழைக்கலாம்.

சுருக்கிய முன்மொழிவை ஒரே பக்கத்தில், தமிழிலேயே, எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அடுத்த முறை அவரோடு நேரிலேயே பேசுகிறேன்.